பாரப் பத்திரம்

இரத்மலானையில் என் வேலை
மனிதரை நிறுப்பது.
சின்ன விமானம். பெட்டியோடு
ஆளும் தராசில் ஏறவேண்டும்.
பெண்கள் செருப்பைக் கழற்றுவார்கள்,
அரைக் கிலோ குறையுமாம்.
எண்ணை நான் சத்தமாய் வாசிப்பதில்லை.
என்னால் ஆன மரியாதை அவ்வளவுதான்.

அன்று ஒன்பது பேர், மட்டக்களப்புக்கு.
நில அளவையாளர் வன்னியசிங்கம்
பையிலிருந்த சில்லறையை மேசையில் கொட்டிவிட்டு ஏறினார்,
இறங்கி ஒவ்வொன்றாய் எண்ணி எடுத்தார். எழுபத்தொன்று.
ஏறாவூர்ப் பல் வைத்தியர் நஸ்ருதீன் தொண்ணூற்றெட்டு.
"பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்று
பக்கத்தில் எழுதுங்கோ" என்றார்.

தேவகுஞ்சரியின் இடுப்பில் மகன்,
இரண்டு வயதுக்கு ஒன்பது நாள் குறைவு.
மடிக்குழந்தைக்கு ஆசனம் இல்லை,
தாயோடு சேர்த்து ஒரே எண்.
தானும் தனியாக ஏறவேண்டும் என்று அழுதான்.
ஏற்றினேன்.
பதினொன்று புள்ளி இரண்டு.
அதை எங்கும் எழுதவில்லை.

கூட்டிப் பார்த்தால் ஆறு கிலோ அதிகம்.
கப்டன் ருவந்த வானத்தைப் பார்த்தார், பிறகு என்னை.
ஒரு பை இறங்கவேண்டும்.
யாரும் கேட்கும் முன்பே கேதாரன் சொன்னான்:
"என்னுடையதை வையுங்கோ அக்கா,
நாளைக்கு அனுப்பினால் காணும்."
ஏழு புள்ளி நான்கு.
அதையும் பெருமையாகத்தான் கழித்தேன்.

கொழும்பிலிருந்து மலை தெரிவது
வருசத்தில் ஏழெட்டு விடியல்கள்தான்.
இரவு முழுக்க மழை கழுவிய அடுத்தநாள்
தெஹிவளை மொட்டைமாடியில்
துணி காயப்போடப் போனவள் பார்த்தேன்:
நீலம் போட்ட வேட்டியின் கரை போல
கிழக்கே கிடந்தது,
ஒன்றும் செய்யாதது போல.

தேயிலைக்குள் ஏறிப் போனவர்கள்
கொழுந்துப் படங்கில் சுமந்து வந்தார்களாம்.
அட்டை கடித்த கால்களோடு
பன்னிரண்டு பேர் ஒரு படங்குக்கு.
தொலைபேசியில் யாரோ அனுப்பிய படத்தில்
கொழுந்து மடுவம், வரிசை,
முகத்தை மறுபக்கம் திருப்பிய ஒரு பெண்.
அவளுக்குப் பின்னால் கூரையில்
கொழுந்து நிறுக்கும் தராசு.
கொக்கி வெறுமையாக.
என் கண் அதைவிட்டு நகரவில்லை.

கோட்டையில் ஐந்தாம் மாடியில் விசாரணை.
மூன்று பேர், என் பத்திரத்தின் பிரதி மூன்று.
பென்சிலால் திரும்பக் கூட்டினார்கள்.
சரியாக வந்தது.
முகில், உயரம், தவறிய பள்ளத்தாக்கு
என்று ஏதோ எழுதினார்கள்.
"உங்கள் கணக்கு சரி, மிஸ்.
நீங்கள் போகலாம்."
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஐந்து மாடியும் இறங்கும்வரை
அந்த "சரி" என் கூடவே இறங்கியது.

மேசைக்குக் கீழே கேதாரனின் பை.
பத்தாம் நாள் எறும்பு வரத் தொடங்கியது.
தொதல் ஆக இருக்கும் என்றான் காவலாளி.
பூட்டு இல்லை. திறக்கவில்லை.
சுற்றிலும் மஞ்சள் தூவினேன்.

பத்தொன்பதாம் நாள் அவன் அண்ணன் வந்தான்,
இரவு பஸ்ஸில், அதே மூக்கு.
கையெழுத்து வைத்தான்.
"இதை ஏன் ஏற்றவில்லை?"
"பாரம் கூட."
அவன் கத்துவான் என்று
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பையைத் தூக்கிப் பார்த்தான்,
ஒரு கையால், பிறகு மற்றக் கையால்.
"இதுவா?" என்றான்.
பிறகு புறக்கோட்டைக்கு எந்த பஸ் என்று கேட்டான்.

காலி வீதிவரை கூடப் போனேன்.
நூறாம் நம்பர் நிற்காமலே நின்றது.
ஏறி, ஜன்னலோரம் இருந்து
பையை மடியில் வைத்துக்கொண்டான்,
இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தபடி.
கண்டக்டர் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு
அவன் பக்கம் போவது தெரிந்தது.

பைக்கும் டிக்கெட் கேட்டிருப்பானோ.